கூன்வண்டுப் பொறியைக் கழற்றவா, வைத்திருக்கவா?

கேள்வி: பேராவூரணி பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. கஜா புயலில் விழுந்த மரங்களுக்குப் பதிலாக 2019-ல் நட்ட பிள்ளைகள் 210 நிற்கின்றன. சென்ற ஆண்டு இரண்டு பிள்ளைகள் சிவப்புக் கூன்வண்டு விழுந்து செத்தன. கடையில் சொன்னபடி இனக்கவர்ச்சிப் பொறி இரண்டு வாங்கி, தோப்பின் நடுவில் இரண்டு பிள்ளைகளின் தண்டிலேயே கட்டினேன். முதல் தடவை மட்டும் கரும்புத் துண்டு போட்டேன். பிறகு தண்ணீர் வற்றும்போது ஊற்றியதோடு சரி. முதல் மாதம் 41 வண்டு விழுந்தது, அப்புறம் ஒன்றும் இல்லை. ஏழாவது வாரம் பொறிக்குப் பக்கத்திலேயே மூன்று பிள்ளைகள் கொண்டை சாய்ந்துவிட்டன. "பொறிதான் வண்டை அழைத்து வந்தது, கழற்றி எறி" என்கிறார் பக்கத்துத் தோப்புக்காரர். கழற்றிவிடலாமா? புது மட்டைகள் கத்தரிக்கோலால் வெட்டியது போல விரிகின்றன. அதுவும் இந்த வண்டின் வேலையா? கத்தரி வயலில் வைக்கும் பொறிக்குத் தீனி எதுவும் போடுவதில்லையே, இதற்கு மட்டும் ஏன்?

பதில்: ஐயா, உங்கள் பக்கத்துத் தோப்புக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை விளங்கிக்கொண்டால் பொறியைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் இப்போது இருக்கிற இடத்தில், இப்போது இருக்கிற நிலையில் அதை இன்னும் ஒரு நாள்கூட விட்டுவைக்காதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு பொறிக்குள் தொங்கும் லூரை, அதாவது வண்டை அழைக்கும் வாசனைப் பையை எடுத்து, அது வந்த உறையிலேயே போட்டு, இறுக்கமாக மூடும் கண்ணாடிப் புட்டியில் வைத்து மூடிவிடுங்கள். வாளியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அவசரத்துக்குக் காரணம் இதுதான். லூர் அழைக்கும், வாளி கொல்லும். உங்கள் பொறியில் முதல் மாதத்துக்குப் பிறகு அழைப்பு மட்டும் நடந்துகொண்டிருக்கிறது, கொல்லும் வேலை நின்றுபோய்விட்டது. வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்த வண்டு வாளிக்குள் இறங்கக் காரணம் எதுவும் இல்லை. பக்கத்தில் ஆறு வயதுப் பிள்ளை நிற்கிறது, அதன் அடிமட்டையில் காயமும் இருக்கிறது. அது எங்கே போகும்?

முதலில் அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உங்கள் மனதைப் போட்டு அரிக்கும். அவற்றைப் பொறி கொன்றிருக்க வாய்ப்புக் குறைவு. கூன்வண்டின் முட்டை மூன்று, நான்கு நாளில் பொரிக்கும். புழு ஒன்று முதல் மூன்று மாதம் வரை தண்டைத் தின்னும். வெளியே ஒன்றும் தெரியாது. குருத்து வாடி, கொண்டை சாய்வது கடைசிக் கட்டத்தில்தான். பொறி கட்டிய ஏழாவது வாரத்தில் சாய்ந்த பிள்ளைக்குள் பெரும்பாலும் பொறி வருவதற்கு முன்பே புழு இருந்திருக்கும். சென்ற ஆண்டு செத்த இரண்டில் இருந்து கிளம்பிய வண்டுகளே இவற்றில் முட்டை வைத்திருக்கலாம். அந்த இரண்டையும் என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வெட்டி வரப்பில் போட்டிருந்தால் விடை அங்கேயே கிடக்கிறது. ஆனால் கரும்பு தீர்ந்த பிறகு பொறி அழைத்து வந்த வண்டுகளின் பலன் இனிமேல்தான் தெரியும். பொறி இருந்த இடத்தைச் சுற்றியுள்ள இருபது, முப்பது பிள்ளைகளை அடுத்த மூன்று மாதம் வாரம் ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தாக வேண்டும். என்ன பார்ப்பது என்பதைக் கீழே சொல்கிறேன்.

கத்தரியோடு ஒப்பிட்டுக் கேட்டது நல்ல கேள்வி. இதற்கு விடை தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவின் தாய் ஓர் அந்துப்பூச்சி. அங்கே வாசனையை விடுவது பெண். ஆணைக் கூப்பிடுவதற்காக மட்டும் விடுகிறது. பொறியில் இருப்பது அந்த வாசனைதான். வந்து விழுவது ஆண் பூச்சி மட்டும்தான். அது தின்ன வரவில்லை, இணை தேடி வருகிறது; ஆகவே தீனி தேவையில்லை. அதிலே ஒரு குறையும் உண்டு. தப்பிய ஓர் ஆண் பல பெண்களோடு கூடிவிடும் என்பதால் பொறியில் நிறைய விழுந்தாலும் வயலில் முட்டை குறையாமல் இருக்கலாம். கத்தரிக்காரர்கள் பொறியோடு நிற்காமல் வாடிய நுனித் தண்டுகளை வாரந்தோறும் கிள்ளி அழிக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

கூன்வண்டில் கதை வேறு. இங்கே வாசனை விடுவது ஆண் வண்டு. காயம்பட்ட தென்னையைக் கண்டுபிடித்து அதில் உட்கார்ந்து தின்னத் தொடங்கிய ஆண், ஒரு வாசனையை விடும். அதற்கு ஆணும் வரும், பெண்ணும் வரும். இதன் முக்கியமான வேதிப்பொருளுக்கு ஃபெர்ருஜினியால் என்று பெயர், 1993-ல் இனம்கண்டார்கள். உங்கள் வாளியில் தொங்கும் லூரில் இருப்பது ஆலையில் செய்த அதே பொருள்தான். இந்த வாசனைக்குக் கூன்வண்டின் மொழியில் "இங்கே சோறும் இருக்கிறது, துணையும் இருக்கிறது" என்று பொருள். சோறு என்ற பாதியை லூர் தராது. புளித்த தென்னஞ்சாறு, புளித்த கரும்பு, பழம் இவற்றின் வாடைதான் அதைத் தரும். இரண்டும் சேர்ந்தால் வரும் வண்டின் எண்ணிக்கை லூர் மட்டும் இருக்கும்போது வருவதைவிடப் பல மடங்கு. தீனி இல்லாவிட்டால் வாசனையின் திசையில் வண்டு தோப்புக்குள் வந்துவிடும்; வாளியின் வாசல்வரை வராது. முதல் மாதம் 41 விழுந்ததும் பிறகு ஒன்றும் விழாததும் வண்டு குறைந்ததால் அல்ல, கரும்பு தீர்ந்ததால்.

அந்த 41-ஐக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். கூன்வண்டுப் பொறியில் ஆணைவிடப் பெண் கூடுதலாக விழுவது எங்கும் காணப்படுவது. பெரும்பாலும் ஓர் ஆணுக்கு இரண்டு பெண். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு விழுந்ததில் ஏறக்குறைய 27 பெண் வண்டு. ஒரு பெண் தன் ஆயுளில் 200-க்கு மேல் முட்டை வைக்கக்கூடியது. அடுத்த முறை வண்டைக் கொட்டும்போது ஒன்றைக் கையில் எடுத்து மூக்கைப் பாருங்கள். வளைந்த மூக்கின் மேற்புறம் பிரஷ் போலக் குட்டையான மயிர்க்கொத்து இருந்தால் ஆண். மூக்கு வழவழவென்று மெலிந்து நீண்டிருந்தால் பெண். பெண் எத்தனை விழுந்தது என்று தனியாக எழுதிவையுங்கள். தோப்பைக் காப்பாற்றும் கணக்கு அதுதான்.

இனி பொறியைச் சரியாக அமைப்போம். உங்கள் வாளியே போதும். மூடியுள்ள 5 லிட்டர் அல்லது 10 லிட்டர் பிளாஸ்டிக் வாளி எதுவானாலும் சரி. கருப்பு, கருஞ்சிவப்பு போன்ற அடர்ந்த நிறமானால் நல்லது. விளிம்புக்குக் கீழே நாலு விரல் விட்டு நான்கு பக்கமும் நான்கு வாசல் வெட்ட வேண்டும், 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. உயரம். காய்ச்சிய இரும்பால் வெட்டினால் ஓரம் உருகி உள்பக்கம் பிசிறாக நிற்கும். அதைக் கத்தியால் சீவிவிடுங்கள். உள்சுவர் வழவழப்பாக இருந்தால்தான் விழுந்த வண்டு ஏறி வராது. வெளிச்சுவர் அதற்கு நேர்மாறாகச் சொரசொரப்பாக இருக்க வேண்டும். கூன்வண்டு பறந்து வந்து நேராக வாசலில் நுழைவதில்லை. வாளியின் மேல் வந்து மோதி, பிடித்துக்கொண்டு, நடந்து வாசலைத் தேடும். வழுக்கும் பிளாஸ்டிக்கில் அதன் கால் நிற்காது, சறுக்கித் தரையில் விழும். அங்கேயிருந்து நடந்தோ பறந்தோ அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். ஆகவே வாளியின் அடியிலிருந்து வாசலின் கீழ் விளிம்பு வரை பழைய சணல் சாக்கைச் சுற்றிக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். சாக்கு இல்லாவிட்டால் பன்னாடையைச் சுற்றலாம். தோப்பில் அதற்குப் பஞ்சமில்லை. கடையில் வாங்கிய பல பொறிகளில் இந்தச் சாக்கு இருப்பதில்லை. அது இல்லாமல் வைப்பது படி இல்லாத வீட்டுக்கு விருந்தாளியை அழைப்பது போலத்தான்.

லூரை மூடியின் உள்பக்கம் கம்பியில் தொங்கவிடுங்கள். தண்ணீரில் படக்கூடாது, வாசல் மட்டத்தில் நிற்க வேண்டும். அட்டையில் திறக்கச் சொல்லியிருந்தால் தவிர, பையைக் கிழிக்கவோ குத்தவோ வேண்டாம். அந்த உறையே வாசனையை மெள்ள மெள்ளக் கசியவிடுவதற்காகச் செய்யப்பட்டது. "வாசனை நன்றாக வரட்டும்" என்று பிளேடால் கீறிவிட்டால் மூன்று மாதம் வரவேண்டிய சரக்கு ஒரு வாரத்தில் போய்விடும். வெயில் நேராக விழும் இடத்திலும் இதே கதிதான். நிழலில் தொங்கினால் பெரும்பாலான லூர்கள் இரண்டு, மூன்று மாதம் தாங்கும். சித்திரை வெயிலில் அதற்கு முன்பே வற்றும். மாற்று லூரைப் பிரிக்காமல் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம், ஆனால் சாப்பாட்டுப் பொருளோடு சேர்த்து அல்ல.

தீனிக்கு: கரும்பு கால் கிலோ, விரல் நீளத்துக்கு நறுக்கி நெடுக்காகப் பிளந்தது, வெல்லம் 100 கிராம், பேக்கரியில் கிடைக்கும் ஈஸ்ட் 5 கிராம், தண்ணீர் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். கரும்பு கிடைக்காத மாதத்தில் கனிந்து விழுந்த வாழைப்பழமோ அன்னாசித் தோலோ போடலாம். கள் இதைவிட நன்றாக வேலை செய்யும் என்று பழைய பரிந்துரைகளில் படித்திருப்பீர்கள். உண்மைதான், ஆனால் நம் மாநிலத்தில் கள் இறக்கத் தடை இருப்பதால் வெல்லமும் ஈஸ்ட்டும் சேர்ந்து அந்த வேலையைச் செய்யட்டும். இரண்டாம் நாளே மூடியைத் திறந்தால் கள் வாடை அடிக்க வேண்டும். அதுதான் அளவுகோல். கள் வாடை மாறிச் சாக்கடை நாற்றம் வந்தால் தீனி அழுகிவிட்டது. செத்த வண்டுகளை எடுக்காமல் விட்டால் இது சீக்கிரம் நடக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை தீனியை முழுவதும் மாற்றுங்கள். பழைய புளித்த தண்ணீர் நல்ல வாடையோடு இருந்தால் ஒரு டம்ளர் எடுத்துப் புதியதில் ஊற்றுங்கள், புளிப்பு உடனே தொடங்கும்.

இன்னொரு சின்ன விஷயம், பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். கரும்புத் துண்டு தண்ணீரில் மிதக்கும். விழுந்த வண்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்து, இறக்கை உலர்ந்ததும் வாசல் வழியே பறந்துவிடும். துண்டுகளைப் பழைய கொசுவலைத் துணியில் முடிந்து, உள்ளே ஒரு கல்லையும் போட்டு, தண்ணீருக்குள் அமுங்கும்படி வையுங்கள். ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டால் வண்டு தண்ணீரில் சீக்கிரம் மூழ்கும். அதற்கு மேல் போட்டால் தீனியின் வாடை கெடும். கோடையில் நாலு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் அளவைப் பாருங்கள், நான்கு விரற்கடைக்குக் கீழே போகக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு நேர் எதிரான தொல்லை வரும்: சாரல் உள்ளே நிறைந்து தண்ணீர் வாசல்வரை வந்துவிடும். வாசலுக்குக் கீழே ஐந்து விரற்கடையில் ஒரு சின்னத் துளை போட்டுக் கம்பிவலை ஒட்டிவிட்டால் மிகுந்த தண்ணீர் அதன் வழியே வடிந்துவிடும்.

அடுத்தது இடம். இதில்தான் உங்கள் பக்கத்துத் தோப்புக்காரர் சொன்ன பாதி உண்மை இருக்கிறது. எவ்வளவு நல்ல பொறியானாலும் வந்த வண்டு எல்லாம் உள்ளே விழாது. ஒரு பங்கு சுற்றியுள்ள மரங்களில் இறங்கும். முதிர்ந்து காய்க்கிற மரத்தின் கடினமான தண்டில் காயமில்லாமல் அதனால் அதிகம் செய்துவிட முடியாது. தண்டு வெளிப்படத் தொடங்கி இன்னும் இறுகாத, ஐந்து வயதுக்கு மேற்பட்ட இளம் பிள்ளைதான் அதற்கு வாய்த்த இடம். உங்கள் 210-ம் இந்த வயதில் நிற்கின்றன. அவற்றின் நடுவில், அதுவும் பிள்ளையின் தண்டிலேயே பொறியைக் கட்டியது பெரிய தவறு; சொல்லாமல் விற்ற கடைக்காரருக்கும் அதில் பங்கு உண்டு. இனிமேல் பொறி தென்னையில் தொங்க வேண்டாம். தோப்பின் எல்லையில், வேம்போ தேக்கோ பூவரசோ நிற்கிற இடத்தில், அதன் நிழலில் ஒரு கம்பு நட்டு, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் கட்டுங்கள். அருகிலுள்ள பிள்ளைக்கும் பொறிக்கும் இடையில் எவ்வளவு தூரம் விட முடியுமோ அவ்வளவு விடுங்கள். மரமே இல்லாத வரப்பானால் வாளிக்கு மேல் இரண்டு தென்னங்கீற்றைக் கவிழ்த்துக் கட்டினால் நிழலாகும்.

மூன்று ஏக்கருக்கு இரண்டு பொறியே போதும். மூன்றாவது வேண்டாம். பக்கத்துத் தோப்புகளில் பொறி இல்லாதபோது நீங்கள் பத்துப் பொறி வைத்தால் ஊர் வண்டெல்லாம் உங்களிடம் வரும். இதையே அவரிடமும் சொல்லுங்கள்: கழற்றி எறிவதைவிட அவரும் ஒன்று வைத்தால் இருவருக்கும் பாரம் குறையும். கூன்வண்டு நெடுந்தூரம் பறக்கக்கூடியது. வேலி பார்த்து நிற்பதில்லை. ஐந்தாறு தோப்புக்காரர்கள் சேர்ந்து ஒரே வாரத்தில் வைத்து, ஒரே நாளில் தீனி மாற்றினால் வரும் பலனைத் தனித்தோப்பில் எதிர்பார்க்க முடியாது. ஒருவேளை உங்களால் பத்து நாளுக்கு ஒருமுறை பொறிப்பக்கம் போக முடியாது, ஆளும் இல்லை என்றால், தயவுசெய்து பொறியே வைக்காதீர்கள். கவனிக்காத பொறியைவிடப் பொறியில்லாத தோப்பு மேல்.

இப்போது அந்த வெட்டுப்பட்ட மட்டைக்கு வருவோம். அது கூன்வண்டு அல்ல, காண்டாமிருக வண்டு. குருத்துக்குள் சுருண்டிருக்கும் இலையை அது குடைந்து தின்கிறது. அந்த இலை விரியும்போது விசிறியைக் கத்தரித்தது போல முக்கோண வெட்டாகத் தெரிகிறது. நீங்கள் இன்று பார்க்கும் வெட்டு சில வாரங்களுக்கு முன் பட்டது. இந்த வண்டு மட்டும் தனியாகப் பிள்ளையைக் கொல்வது குறைவு. ஆனால் அது போட்ட ஓட்டையிலிருந்து வடியும் சாற்றின் வாடைக்குத்தான் கூன்வண்டு வருகிறது, அந்த ஓட்டையிலேயே முட்டையும் வைக்கிறது. காண்டாமிருக வண்டை அடக்காமல் கூன்வண்டுக்கு மட்டும் பொறி வைப்பது, கதவைத் திறந்துபோட்டு வாசலில் காவல் நிற்பது போன்றது.

உங்கள் பகுதிக்கு இதில் ஒரு தனித் துயரம் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கமெல்லாம் தென்னை அடியோடு சாய்ந்தது. அந்தத் தண்டுகளை அப்புறப்படுத்த ஆளும் பணமும் இல்லாமல் வரப்பிலும் குளக்கரையிலும் போட்டவர்கள் ஏராளம். மக்கும் தென்னந்தண்டு காண்டாமிருக வண்டுக்குத் தொட்டில். இத்தனை ஆண்டில் பல தண்டுகள் மண்ணாகியிருக்கும். ஆனால் அடிக்கட்டைகள், அதன்பின் செத்த மரங்கள், எருக்குழி ஆகியவை இன்னும் அதே வேலையைச் செய்கின்றன. ஒரு கட்டையைப் பிளந்து பாருங்கள். கட்டைவிரல் பருமனில், பழுப்புத் தலையோடு, அரைவட்டமாகச் சுருண்டு, முன்பக்கம் ஆறு கால்களுடன் அழுக்கு வெள்ளைப் புழு கிடந்தால் அது காண்டாமிருக வண்டின் பிள்ளை. செத்த இளந்தென்னையைப் பிளந்தால் தெரிவது வேறு: கால்களே இல்லாத, நடுவில் உப்பிய மஞ்சள் கலந்த வெள்ளைப் புழு, பக்கத்தில் நாரைச் சுற்றிச் சுற்றிச் செய்த விரல் நீளக் கூடு. அது கூன்வண்டு. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால் எதற்கு எந்த மருந்து என்ற குழப்பம் வராது.

காண்டாமிருக வண்டுக்கும் லூர் உண்டு, ஆனால் உங்களிடம் இருப்பது அதற்கு உதவாது, வேதிப்பொருளே வேறு. அதற்குத் தீனியும் தேவையில்லை. இந்த வண்டு அந்தியிலும் இரவிலும் பறக்கும், தடுப்புத் தகட்டில் மோதி விழும். ஆகவே குறுக்காக இரண்டு தகடு செருகிய வாளிப் பொறியைக் கூன்வண்டுப் பொறியைவிட உயரமாக, தோப்பின் எல்லையில் தனியாகக் கட்ட வேண்டும். ஆனால் உண்மையைச் சொன்னால், இந்த வண்டில் பொறியைவிட எருக்குழிதான் முக்கியம். குழியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். புழு கிடைத்தால் கோழிக்குப் போடுங்கள். மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சாணத்தை 250 மி.லி. எடுத்து 750 மி.லி. தண்ணீரில் கலந்து ஈரமான எருவில் தெளித்து மூடிவிட்டால் புழுக்கள் நோய்பட்டுப் பச்சைப் பொடி பூத்துச் சாகும். காய்ந்த எருவில் இது பலிக்காது. ஆமணக்குப் பிண்ணாக்கு ஒரு கிலோவை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துச் சிறு மண்பானைகளில் தோப்பில் வைப்பதும் நல்ல பழக்கம். வண்டு அதில் வந்து விழும். பிள்ளைகளின் கொண்டையில், நடுக்குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்கிலும், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து மரத்துக்கு 150 கிராம் போடுங்கள். அல்லது அதே மூன்று இடுக்கில் இடுக்குக்கு ஒன்றாக அந்துருண்டை வைத்து மணல் மூடுங்கள், 45 நாளுக்கு ஒருமுறை. குருத்தில் புதிய சக்கை துருத்தி நின்றால் வண்டு உள்ளே இருக்கிறது. கொக்கிக் கம்பியால் குத்தி வெளியே இழுத்துவிடலாம்.

காயம் என்றேன். அதில் மனிதர் போடும் காயமும் சேர்த்தி. பிள்ளையின் பச்சை மட்டையை அழகுக்காக வெட்டாதீர்கள். வெட்டியே தீரவேண்டுமானால் தண்டிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்டுங்கள், அடியோடு வெட்டிய மட்டைத் தழும்பு வழியே புழு நேராகத் தண்டுக்குள் போகும். உழவு ஓட்டும்போது அடித்தண்டில் கொழு உரசியிருந்தால், களை வெட்டும்போது மண்வெட்டி பட்டிருந்தால், அன்றே தார் பூசிவிடுங்கள். பொறியைக் கட்டப் பிள்ளையில் ஆணி அடித்திருந்தீர்களா? அந்த ஓட்டைகளையும் இன்றே அடையுங்கள்.

வாரந்தோறும் பார்க்க வேண்டியது: அடித்தண்டிலும் மட்டைப் பொருத்திலும் சின்ன ஓட்டை, அதிலிருந்து வடியும் பழுப்பு நிறப் பிசின் போன்ற சாறு, மென்று துப்பிய நார், நடுமட்டைகள் மட்டும் மஞ்சளாவது. தண்டில் காதை வைத்துக் கேட்டால், நிறையப் புழு இருக்கும் பிள்ளையில் நறநறவென்று மெல்லும் சத்தம் வரும். காலை அமைதியில் நன்றாகக் கேட்கும். இந்தக் கட்டத்தில் பொறி எந்த உதவியும் செய்யாது. உள்ளே இருக்கும் புழுவுக்கு வெளியே இருக்கும் வாசனையால் ஒன்றும் ஆகாது. கீழ் ஓட்டைகளைக் களிமண்ணாலோ சிமெண்டாலோ அடைத்து, எல்லாவற்றுக்கும் மேலே உள்ள ஓட்டையில் புனல் செருகி, இமிடாகுளோப்ரிட் 17.8 சதம் மருந்தை லிட்டருக்கு 1 மி.லி. கலந்து ஒரு லிட்டர் மெள்ள ஊற்றி, அந்த ஓட்டையையும் அடைத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்தும் சாறு வடிந்தால் மறுபடி ஒருமுறை. அந்தப் பிள்ளை பாளை விட்டிருந்தால் மருந்து ஊற்றும் முன் இருக்கிற காயையெல்லாம் இறக்கிவிடுங்கள். அதன் இளநீரை எத்தனை நாள் தொடக்கூடாது என்று வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தேனீ வரும் பாளையில் இந்த மருந்து படவே கூடாது.

கொண்டை சாய்ந்து, குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும் பிள்ளையைக் காப்பாற்ற முடியாது. மனதைத் திடப்படுத்திக்கொண்டு இந்த வாரமே அந்த மூன்றையும் வெட்டுங்கள். தண்டை நெடுக்காகப் பிளந்து, புழு, கூடு, வண்டு எல்லாவற்றையும் எடுத்து எரித்துவிடுங்கள். வெட்டிவிட்டு அடுத்த வாரம் எரிக்கலாம் என்று விட்டால், கூட்டுக்குள் இருப்பவை அதற்குள் வண்டாகி வெளியேறும்; வெட்டிய தண்டின் வாடை புதிய வண்டையும் அழைக்கும். ஒரு மரத்திலிருந்து கிளம்பும் வண்டுகளின் எண்ணிக்கைக்கு இரண்டு பொறிகள் ஈடுகொடுக்க முடியாது. சென்ற ஆண்டு செத்தவற்றின் கட்டை இன்னும் இருந்தால் அதையும் தோண்டியெடுங்கள்.

வேலையை இந்த வரிசையில் செய்தால் போதும்: லூரை எடுத்து மூடிவைத்தல், செத்த மூன்றையும் எரித்தல், மீதிப் பிள்ளைகளின் காயங்களை அடைத்தல், எருக்குழி. இவை முடிந்த பிறகுதான் எல்லையில் புதுத் தீனியோடு பொறி. பூஞ்சாணத்துக்கும் காண்டாமிருக வண்டு லூருக்கும் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரியுங்கள், உங்களுக்குப் பக்கம்தான். லூரை எங்கே வாங்கினாலும் உறையில் தயாரித்த தேதியைப் பாருங்கள். கடை அலமாரியில் ஒரு கோடை முழுவதும் வெயில் காய்ந்ததை வாங்காதீர்கள்.

பொறியை மறுபடி கட்டியதும் ஒரு நோட்டில் வாரம், பொறி எண், ஆண், பெண், தீனி மாற்றிய தேதி என்று எழுதிவாருங்கள். முதல் இரண்டு, மூன்று வாரம் எண்ணிக்கை ஏறினால் பயப்பட வேண்டாம். சுற்றியிருந்தவை வந்து விழுகின்றன. புதுத் தீனி போட்டும் தொடர்ந்து மூன்று வாரம் ஒரு வண்டுகூட விழவில்லையென்றால், உடனே வண்டு ஒழிந்தது என்று எண்ணாமல், ஒரு பொறியில் மட்டும் புது லூர் மாற்றுங்கள். புது லூரில் வண்டு விழுந்து பழையதில் விழாவிட்டால் பழைய லூர் வற்றிவிட்டது, அதையும் மாற்றுங்கள். இரண்டிலும் விழாமல், பிள்ளைகளிலும் புதிய ஓட்டை இல்லாமல் இருந்தால்தான் தோப்பில் வண்டு குறைந்திருக்கிறது. மூன்று மாதக் கணக்கை அனுப்புங்கள், அதைப் பார்த்து அடுத்து என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன்.